உடைந்த பானைத் தோட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு விக்னேஷ்குமாருக்கு ஓர் உடைந்த பானை தேவைப்பட்டது.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் தமிழ்மதி மறுநாள் பள்ளிக்கு ஒரு குட்டித் தோட்டம் கொண்டுபோக வேண்டும். 'வீட்டில் வீணாகக் கிடக்கும் பொருளில், குடும்பமே கூடி மகிழ்ந்து செய்யவும்' என்று வாட்ஸப்பில் வந்திருந்தது. விக்னேஷ்குமார் வீடியோ பார்த்தான். உடைந்த பானைக்குள் மண், பாசி, ஓட்டுச் சில்லில் படிக்கட்டு, உச்சியில் தீக்குச்சி வீடு. செலவே இல்லை என்றாள் வீடியோக்காரி. அவள் வீட்டில் பானைகள் தாமாகவே அழகாக உடையும் போலிருக்கிறது.

"உங்களுக்கு வராது," என்றாள் நாகஜோதி அடுப்படியிலிருந்து. "என் தம்பியக் கூப்பிடுறேன். செத்த நேரத்துல முடிச்சிருவான்."

"நான் கன்னிவாடித் தோட்டங்காட்டுல வளந்தவன். உன் தம்பி வந்து எனக்குச் செடி நடக் கத்துக் குடுக்கணுமாக்கும்?"

மைத்துனன் செய்ததை எடுத்துப்போவதற்குப் பதில் மகள் வெறுங்கையோடு போகலாம் என்று நினைத்தான். பிறகு வெறுங்கையோடு வகுப்பில் நிற்கும் மகளின் முகம் தெரிந்தது. எழுந்தான்.

"விடுங்கப்பா," என்றாள் தமிழ்மதி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இந்த வயதில் இம்புட்டுப் பெருந்தன்மையா என்று வியந்தான். வண்டியை எடுத்தான்.

நாகல் நகரில் பேச்சாயி பானைகளை அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"உடைஞ்ச பானை இருக்கா ஆத்தா?"

"உடைஞ்சத விக்கவா உக்காந்திருக்கேன்? முழுசுதான் இருக்கு."

"அதையே குடுங்க. கொண்டுபோயி நானே உடைச்சுக்கிறேன்."

பேச்சாயியின் முகம் மாறியது. சின்னக் குடமாக ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"வாரேன் ஆத்தா."

"வாரேன்னு சொல்லக் கூடாதுப்பா. திரும்பிப் பாக்காமப் போ."

மறுபடி வராதே என்று வாடிக்கையாளனிடம் சொல்லும் கடையை அவன் அன்றுதான் பார்த்தான்.

வீட்டு வாசலில் வைத்துச் சுத்தியலால் தட்டினான். முதல் தட்டில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தட்டில் பானை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. மறுபடி போனான்.

"இன்னொண்ணா?" பேச்சாயி நெஞ்சில் கை வைத்தாள்.

"ஆமாத்தா. இதோட முடிஞ்சிரும்."

"முடியணும் சாமி," என்று அவள் கும்பிட்டாள்.

இந்த முறை வீடியோவை ஒழுங்காகப் பார்த்தான். முதலில் ஆணியால் துளை போட வேண்டும். தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். வலது கையில் போன் இருந்ததால் குடத்தை இடது தோளில் வைத்துக்கொண்டான்.

"வீட்டுக்குள்ள ஒரு சொட்டு விழுந்துச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன்!" என்று நாகஜோதி கத்தினாள்.

ஆகவே வாசலிலேயே நடந்தான். வாசலின் நடுவில் கட்டில். கட்டிலில் மாமனார் பெருமாள்சாமி. பேத்தியைப் பார்க்க முந்தின நாள் நிலக்கோட்டையிலிருந்து வந்தவர். ஈத் தொல்லைக்கு வெள்ளை வேட்டியைத் தலையிலிருந்து கால்வரை போர்த்தியிருந்தார். வேட்டு போட்டாலும் எழாத தூக்கம்.

விக்னேஷ்குமார் கட்டிலைச் சுற்றி வந்தான். துளைகளில் தண்ணீர் அருமையாக ஒழுகியது. மூன்றாவது சுற்றில், சில்லு கண்ணில் தெறிக்காமல் உடையுங்கள் என்றாள் வீடியோக்காரி. திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்பக்கம் விட்டான்.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த நேரத்தில் போய் விவரம் கேட்பது நாகரிகமில்லை என்று நினைப்பவள் அவள். போன் போடுவது வேறு. நிலக்கோட்டையில் இருக்கும் பெருமாள்சாமியின் தங்கை கருப்பம்மாளுக்குப் போட்டாள்.

குடம் வீடியோவில் வந்தது போலவே உடைந்திருந்தது. மண் நிரப்பினான். பாசி பதித்தான். படிக்கட்டு நின்றது. தீக்குச்சி வீடும் நின்றது. வெயில் படாமலிருக்கக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக மைத்துனனை நினைத்துப் பரிதாபப்பட்டான்.

அப்போது தெருவில் ஒரு பூ வேன் வந்து நின்றது. கருப்பம்மாள் முதலில் இறங்கினாள். பின்னால் சொந்தபந்தமும் ஆளுயர ரோஜா மாலைகளும் இறங்கின.

"என்னப் பெத்த அண்ணே! சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே!"

அவள் கட்டிலின் மேல் விழுந்தாள். பெருமாள்சாமி அலறி எழுந்தார்.

"எங்கடி போனேன்? கறிக்குழம்பு கொதிக்கட்டும்னு படுத்திருக்கேன்!"

பயத்தில் கருப்பம்மாள் பின்னால் சாய, கட்டில் சாய்ந்தது. தீக்குச்சி வீடு, படிக்கட்டு, பாசி எல்லாம் ஒரே நசுங்கலில் முடிந்தன.

பிறகு விசாரணை நடந்தது. ஒச்சம்மாள் மாடியிலிருந்தபடியே சாட்சி சொன்னாள்.

"ஏன் மாப்ள, நான் உசுரோட படுத்திருக்கேன், எனக்குக் கொள்ளிக்குடம் உடைச்சீங்களா?"

"தோட்டம் மாமா... பாப்பாவுக்கு..."

"குடத்துல ஓட்டை போட்டு, மூணு சுத்துச் சுத்தித் தோட்டமா?"

"நான் அப்பவே சொன்னேன், தம்பியக் கூப்பிடலாம்னு," என்றாள் நாகஜோதி, கரண்டியோடு வந்து.

மாலைகளைத் திருப்பி எடுத்துப்போவதா, போட்டுவிட்டுப் போவதா என்று சொந்தக்காரர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். விக்னேஷ்குமார் நசுங்கிய பாசியைப் பார்த்தான். மகளுக்கு இனி ஒரே வழி, அவகாசம் கேட்பது. கையெல்லாம் சேறு. டீச்சர் அறிவுச்செல்வியின் எண்ணைச் சுண்டுவிரலால் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான்.

"டீச்சரு எதுக்குப்பா?" தமிழ்மதி டிவியை விட்டு ஓடி வந்தாள். "கட் பண்ணுங்கப்பா!"

"நீ பயப்படாத கண்ணு. அப்பா பேசிக்கிறேன்." தொண்டையைச் செருமினான். "வணக்கம் டீச்சர், தமிழ்மதி அப்பா. வீட்ல ஒரு சின்னக் குழப்பம், நாளைக்குத் தோட்டம்..."

"தெரியும் சார், வெள்ளிக்கிழமையே பாப்பா தேம்பித் தேம்பி அழுதுச்சு, தாத்தா காரியத்தப் பாரும்மா, தோட்டமெல்லாம் வேணாம்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன், ஆனா தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேக்கவா, பேப்பர் கூடைக்கு ஒரு தாத்தா போனாரு, ஐஸ்குச்சி வீட்டுக்கு ஒரு தாத்தா போனாரு, இப்ப இவரு, உங்க வீட்ல மொத்தம் எத்தனை தாத்தா சார்?"