அடுத்த கடை ஆசாமி

பசிக்குச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, ருசிக்குச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், சாப்பாட்டுக் கடை வாசல் வரைக்கும் வந்து, கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்து, மூக்கை ஒரு தடவை உறிஞ்சி, "இது வேண்டாம், அடுத்த கடை இதைவிட நல்லா இருக்கும்" என்று திரும்பி நடக்கிற ஓர் இனமும் உண்டு. அந்த இனத்தைச் சேர்ந்தவர்தான் அடுத்த கடை ஆசாமி.

அவரை உங்களுக்குத் தெரியும். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்த பிறகும் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாரே, அவர்தான். வங்கியில் இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்கும், அந்த வரிசையிலிருந்து இந்த வரிசைக்குமாக மாறி மாறி நின்று, எல்லாருக்கும் வேலை முடிந்த பிறகு கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தனியாக நிற்பாரே, அவரேதான். கெட்டவரா? சத்தியமாக இல்லை. எல்லாவற்றையும் நம்முடைய நன்மைக்காகத்தான் செய்வார். அதைத்தான் தாங்க முடியாது.

நாம் பார்க்கப்போகிற ஆசாமி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளர். அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டுகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். மகளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, ஒரே ஒரு நாளைக்கு, இரண்டு பேருமாகக் கடற்கரை நகரம் ஒன்றுக்குக் கிளம்பினார்கள். ரயிலிலேயே அவள் தன் ஆசையைச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். கடலைப் பார்த்த மாதிரி ஒரு இடத்துல உக்காந்து, சூடா மீன் வறுவல் சாப்பிடணும். நான் ஆக்கக் கூடாது, நான் பரிமாறக் கூடாது. நீங்களும் என்கூடவே உக்காந்து சாப்பிடணும். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படி ஒரு வேளை நாம சாப்பிட்டதே இல்ல."

"இவ்வளவுதானா? ஜமாய்ச்சிடலாம்!" என்றார் ஆசாமி.

ரயிலடிக்கு எதிரிலேயே ஒரு கடை இருந்தது. ரொட்டி வேகும் வாசனை தெருவையே தூக்கிக்கொண்டு போயிற்று. அவள் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. "ஸ்டேஷன் பக்கத்துக் கடையில மனுஷன் சாப்பிடுவானா?" என்றார் அவர். உள்ளே உட்கார இடமில்லாமல் ஜனங்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அவர்களை ஆசாமி கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அவருடைய நம்பிக்கையெல்லாம் கைபேசியில் இருந்தது. ஊர் பேர் தெரியாத ஆட்கள் கடைகளுக்குப் போட்டுவைத்திருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் அவருக்குப் பசியே எடுக்கும். தாலி கட்டிய மனைவி பக்கத்தில் நின்று "வாசனை நல்லா இருக்குங்க" என்றால் காதில் விழாது. எவனோ ஒருவன், எந்த ஊரிலோ, என்ன கோபத்திலோ, "உப்பு தூக்கல்" என்று எழுதியிருந்தால் அதற்கு அப்படியே கட்டுப்படுவார்.

சாப்பாட்டில்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். கலங்கரை விளக்கத்தின் அடியில் போய் நின்றார்கள். சீட்டு வாங்கப் போனவர் பாதியிலேயே திரும்பி வந்தார். "குன்று மேல ஒரு இடம் இருக்காம், அங்கேர்ந்து பார்த்தா இதைவிடப் பிரமாதமாம்." வெயிலில், மூச்சு வாங்க, குன்று ஏறினார்கள். அங்கிருந்து என்ன தெரிந்தது? கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதன் உச்சியில் நின்று கையாட்டும் மனிதர்கள் தெரிந்தார்கள். ஆசாமி கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தார். "அங்கேர்ந்து இன்னும் நல்லாத் தெரியும் போலிருக்கே" என்றார்.

படகுத்துறையிலும் அதே கதைதான். முதல் படகில் கூட்டம், அடுத்ததில் ஓரமாக உட்காரலாம் என்றார். அடுத்ததில் இன்னும் கூட்டம். அதற்கும் அடுத்ததற்குக் காத்திருந்தபோது படகோட்டி கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "காத்து சரியில்லீங்க, இன்னிக்கு இவ்வளவுதான்" என்று போய்விட்டார். துறையின் ஓரத்தில் ஒரு பெண் எண்ணெய்ச் சட்டியில் மீனைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். சொய்ங் என்ற அந்தச் சத்தம் ஆசாமியின் மனைவிக்கு வயிற்றுக்குள்ளேயே கேட்டது.

"இங்கயே சாப்பிட்டுடலாமே?"

"கொஞ்சம் பொறும்மா. நாலு தெரு தள்ளி ஒரு கடை. நாலே முக்கால் நட்சத்திரம்! உனக்காகத்தானே இவ்வளவு தேடறேன்?"

நாலு தெரு பாதி நகரமாக நீண்டது. போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்துவிட்டதாம். அவள் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டாள். ஆசாமிக்கோ பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா? எவ்வளவு நல்ல கடையா இருந்தா இதுக்குள்ள தீர்ந்துபோயிருக்கும்!"

இந்த மனிதரை என்ன செய்யலாம், சொல்லுங்கள்?

பொழுது சாயும் நேரம் கடற்கரைச் சாலைக்கு வந்தார்கள். ராத்திரி ரயிலில் ஊர் திரும்ப வேண்டும். ஆசாமி கைபேசி வெளிச்சத்தில் முகத்தைப் புதைத்தபடி, "இது வேண்டாம், அது வேண்டாம்" என்று முன்னால் நடந்தார். அவள் நின்றாள். பக்கத்தில் ஒரு சின்னக் கடை. திறந்த ஜன்னல், ஜன்னலுக்கு நேராகக் கடல். அவள் யாரையும் கேட்கவில்லை. உள்ளே போனாள், உட்கார்ந்தாள், மீன் வறுவல் கொண்டுவரச் சொன்னாள். காலையிலிருந்து நடந்த காலுக்கு அந்த மர நாற்காலி சொர்க்கமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆசாமி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். மனைவி கிடைத்த நிம்மதி முகத்தில் தெரிந்தது. ஆனால் வாசற்படியிலேயே நின்று முதல் வேலையாகக் கைபேசியைத்தான் பார்த்தார்.

"ஐயையோ, ரெண்டரை! வெறும் ரெண்டரை நட்சத்திரம். எழுந்திரு, எழுந்திரு. மேஜை ஆடுதாம்."

"ஆடுது."

"மின்விசிறி கடகடன்னு சத்தம் போடுதாம்."

"எனக்கும் கேக்குது."

"பரிமாறுற அம்மா சிரிக்கவே மாட்டாங்களாம்."

தட்டைக் கொண்டுவந்து வைத்த அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சிரிச்சா மீன் வெந்துடுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அவள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். நாக்கு சுட்டது. அப்படியொரு ருசி.

"இல்லம்மா, அடுத்த தெருவுல ஒண்ணு..."

"போயிட்டு வாங்க. நான் எழுந்திரிக்கப் போறதில்ல." இன்னொரு துண்டைப் பிய்த்தாள். பிறகு, ஏதோ தோன்றி நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க, ஒரு சட்டை எடுக்கவே பத்துக் கடை ஏறி இறங்குறீங்க. என்னை மட்டும் எப்படி வேற யாரையும் பார்க்காம கட்டிக்கிட்டீங்க?"

ஆசாமி பொய் சொல்லத் தெரியாதவர். அதிலும் பசி நேரம்.

"அப்பா அவசரப்படுத்திட்டாரு" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. தன்னைப் பார்த்தவுடன் பிடித்துப்போய்த்தான் மனிதர் தலையாட்டினார் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவள். கண்ணில் நீர் முட்டியது. மிளகாய்க் காரம் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சொன்னது என்ன என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். உள்ளே வந்தார். ஆடுகிற மேஜையில் எதிரே உட்கார்ந்தார்.

"நான் அப்படிச் சொல்ல வரலம்மா."

"வேற எப்படிச் சொல்ல வந்தீங்க?"

மனிதருக்கு உள்ளதைச் சொல்லத்தான் தெரியும். "அன்னிக்கு அவர் மட்டும் பிடிச்சுத் தள்ளலைன்னா, நான் இன்னும் ஏதாவது ஒரு வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பேன். உன்னை மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைச்சிருக்கவே மாட்டா."

அவள் அவரை முறைத்தாள். பிறகு தட்டை மேஜையின் நடுவுக்கு நகர்த்தினாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். வெளியே கடல் இருட்டிக்கொண்டு வந்தது, மின்விசிறி கடகடத்தது, அவள் ஆக்காத மீனை அவள் பரிமாறாமலே அவர் முள் எடுத்துத் தின்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றுகூடச் சொன்னார். அவளுக்குக் கோபம் முழுக்கப் போகவில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

பாதித் தட்டு காலியானது. ஆசாமியின் கழுத்து மெல்ல மெல்ல வலது பக்கம் நீண்டது.

"அந்த மேஜையில என்ன வாங்கியிருக்காங்க? நம்மளதைவிடப் பெரிசா இருக்கே?"

"ஏங்க, உங்க தட்டைப் பாருங்க" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைப் புரட்டி, அடுத்து என்ன இருக்கிறது, அது இதைவிட நன்றாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தது யார்? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது போகட்டும், எனக்குப் பழக்கம்தான். உள்ளே சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு, "வரீங்களா, ஆறுது" என்று உங்களை ஒரு குரல் கூப்பிட்டு நேரமாகிறது. முதலில் எழுந்து போங்கள்.