தம்பியின் ஜப்பான் படிப்பால் காலியான பெரட்டுக்களம்

ரப்பர் தோட்டத்து ஆபீஸ்,
கோலா கிளாவாங் பக்கம்,
1955.

அன்பு மகன் சிவசிதம்பரத்துக்கு,

அப்பா கந்தையா எழுதுவது. சிவபெருமான் கிருபையால் நானும் கொம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் சுகம் இப்போது போலீசின் கையில் இருக்கிறது. காரணம் நீ.

உன்னை லண்டனுக்கு அனுப்பியபோது வக்கீலாக வருவாய் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லி வைத்தேன். நீயோ, ஜப்பான்காரனின் விஞ்ஞானமும் இயந்திரமும் சனங்களின் வாழ்க்கையை எப்படி மாற்றின என்று ஆயுள் முழுக்க ஆராயப் போவதாக எழுதினாய். "இந்தப் பொடியனுக்கு வேற நாடு கிடைக்கேல்லையோ?" என்று கொம்மா அழுதாள். போதாக்குறைக்கு, யுத்த காலத்தில் இந்த நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் நம் தோட்டத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் லாரி ஓட்டினானா, யார் யாருக்கு என்ன வேலை பழக்கினான் என்று விசாரித்து எழுதச் சொன்னாய். பெற்ற பாவத்துக்கு நானும் சம்மதித்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

காலையில் ஆட்கள் பெரட்டுக்களத்தில் வேலைக்கு வரிசையாக நிற்பார்கள் அல்லவா, வீடு வீடாக அலைய வேண்டாமே என்று அங்கேயே, "ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். ஒரு கையும் எழும்பவில்லை. "பயப்படாதீர்கள், பெயர் மட்டும்தான் எழுதப் போகிறேன்" என்று தைரியம் சொன்னேன். அதுதான் தம்பி, நான் செய்த மடத்தனம். எனக்கு முந்தி இந்த ஆபீசில் கணக்கெழுதிய கிராணி இதே களத்தில் இப்படிப் பெயர் எழுதித்தான் ஆட்களை ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு லாரி ஏற்றினானாம்; போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. "ஐயோ, மறுபடியும் சயாமுக்கு ஆளு புடிக்கிறாங்க!" என்று ராக்கம்மா அலறினாள். ரப்பர் பால் வாளிகள் உருண்டன. ஆண்கள் முள்வேலிக்கு அடியில் நுழைந்து காட்டுப்பக்கம் ஓடிவிட்டார்கள். ஆட்களை மேய்க்கிற மண்டோர் நல்லசாமி மட்டும் நின்றார்; அவரும் கால்சட்டை வேலியில் மாட்டிக்கொண்டதால் நின்றார்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருக்கிற காலத்தில் ஒரு தோட்டமே எழுந்து காட்டுக்குள் போனால் அரசாங்கம் என்ன நினைக்கும்? துரை முகம் சிவந்து போலீசுக்குப் போன் போட்டார். கவச வண்டியில் வந்த அதிகாரி, "ஒரே பேச்சில் இத்தனை பேரை அனுப்பினீரே, நீர் அந்தக் கட்சியில் யார்?" என்று கேட்டார். மகனின் படிப்புக்காக என்றேன். என்ன படிப்பு என்றார். ஜப்பான் என்றேன். அவர் அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பசி தாங்காமல் எல்லாரும் மாலைக்குள் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் நாளை சிரம்பானுக்கு விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார். வேலை போகுமோ, நானே உள்ளே போவேனோ தெரியவில்லை. கொம்மா இப்போதே, உள்ளே குளித்துத் துடைக்க எனக்குத் துவாய் மடித்து வைக்கிறாள்.

ஆகையால் இந்தப் படிப்பை இன்றே விட்டுவிடு. சட்டம் படி. உன் தகப்பனுக்கு ஒரு வக்கீல் அவசரமாகத் தேவைப்படுகிறது.

நீ தீர்க்காயுளோடும் ஜப்பான் நினைப்பு இல்லாமலும் வாழப் பிரார்த்திக்கும்,
அப்பா.

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் வீரமுத்து வந்து நின்றான். சயாமுக்குப் போய்த் திரும்பியவன். காலையில் முதலில் ஓடியவனும் அவன்தான். "ஐயா, தம்பி எழுதுறதுல ஜப்பான்காரன் கெட்டிக்காரன், காட்டுல ரயிலு போட்டான்னு வருமா?" என்றான். வரும் என்றேன். "அப்ப எங்கண்ணன் முருகையா பேரையும் போடச் சொல்லுங்க. தண்டவாளத்தத் தூக்கினது அவன். அங்கயே கெடக்கிறான்." அவன் பின்னால் ராக்கம்மா நின்றாள். அவளுக்கும் சொல்ல ஒரு பெயர் இருந்தது. அவள் பின்னால் இன்னும் ஆட்கள். நான் அழுதுவிட்டேன், தம்பி. படிப்பை விடாதே. நான் சிரம்பானிலிருந்து திரும்பாவிட்டால், மிச்சப் பெயர்களை நீயே வந்து கேட்டு எழுது.