லூர்து மாமாவின் கல்யாணமும் இரண்டு சக்கரங்களும்

சாங்வி, புனே
11 நவம்பர் 2006, சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் கொண்ட பரமசிவம் மாமாவுக்கு,

மீனு எழுதுவது. இங்கே நான் நலம், சைக்கிள் நலம், இடது முழங்கை மட்டும் கொஞ்சம் சுமார். அங்கே நீங்களும் மாமியும் உங்கள் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பதாக நம்புகிறேன். மில்லிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மருமக்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்குப் பதினைந்தாயிரம் அனுப்பியது உங்கள் பெரிய மனசு. கூடவே நீங்கள் போட்ட நிபந்தனைகள் எனக்கு மனப்பாடம். பேங்கில் போடக் கூடாது, பிரித்துப் பிரித்துச் செலவழிக்கக் கூடாது, ஒரே பொருளாக வாங்க வேண்டும், என்ன வாங்கினோம், ஏன் வாங்கினோம் என்று போனில் சொல்லாமல் கடிதத்தில் எழுத வேண்டும். மற்ற நால்வரும் தங்கக் காசு, மிக்ஸி என்று நாலு வரியில் முடித்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். எனக்கு நாலு வரி போதாது, மன்னிக்கவும்.

நான் சைக்கிளுக்குச் சக்கரம் வாங்கப் போகிறேன். இரண்டு சக்கரம், பதினைந்தாயிரம். "ஏங்கண்ணு, அந்தக் காசுக்குச் சைக்கிளே நாலு வருமே?" என்று நீங்கள் மாமியைப் பார்ப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

கைப்பிடி ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்திருக்கும் பந்தய சைக்கிள் ஒன்றைப் போன வருஷம் பழசாக வாங்கினேன் அல்லவா, அதில் ஞாயிறு தோறும் காலையில் ஆபீஸ்காரர்கள் ஏழு பேரோடு பழைய மும்பை ரோட்டில் போகிறேன். கசார்வாடி, நிக்டி, அப்புறம் தேஹு ரோடு. எங்கள் கூட்டத்தில் ஜெர்சன் என்று ஒருவன். கண்டோன்மெண்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பான். அவன் மிதித்துக்கொண்டே தன் குடும்பத்துக் கதைகளைச் சொல்வான். அவனைப் போல் கதை சொல்கிறவனை நான் பார்த்ததில்லை. புத்தகத்தில்கூட இவ்வளவு நன்றாக நிறுத்தி நிதானித்துச் சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கசார்வாடியில் கதை தொடங்கும், நிக்டியில் சூடு பிடிக்கும், நிக்டி தாண்டியதும் ஒரு மேடு வரும், அந்த மேட்டில் நான் பின்தங்கிவிடுவேன். நான் மேலே போய்ச் சேரும்போது அவர்கள் டீ குடித்து முடித்துக் கிரிக்கெட் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு வருஷமாக எனக்குத் தெரிந்த கதை எதற்கும் முடிவு கிடையாது, மாமா.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவனுடைய லூர்து மாமாவின் கல்யாணக் கதை. "எழுபத்தெட்டுல மீனு, மாமா புது சூட்டு போட்டுட்டு, குதிரை டாங்கா புடிச்சு சர்ச்சுக்குப் போறாரு. உள்ள நுழையறாரு. தேக்கா தோ, பாத்தா, ஃபாதர் முன்னால, இவரு நிக்கவேண்டிய எடத்துல, வேற ஒருத்தன் மாப்பிள்ளையா நிக்கறான்!" என்றான். மேடு வந்துவிட்டது. அவன் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. அந்த இன்னொரு மாப்பிள்ளை யார், பெண் சம்மதித்துத்தான் நின்றாளா, லூர்து மாமா என்ன செய்தார், இப்போது அவர் வீட்டில் இருக்கிற மாமி எந்த மாமி என்றெல்லாம் மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆபீஸில் போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒருவர் பாதியில் விட்ட கதையை, திங்கட்கிழமை லிஃப்டில் நாலு பேர் நடுவில், "அப்புறம்?" என்று கேட்பது எனக்கு வராது. வேகமாகப் போவது அதைவிட எளிது என்று தோன்றியது.

எங்கே காசு போட்டால் சைக்கிள் வேகமாகும் என்று ஆராய்ந்தேன். மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இன்டர்நெட்டில் படித்தேன். சைக்கிளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு மதத்தில் தீட்சை பெற்றவர்கள். ஒருவர் சக்கரம் என்கிறார், ஒருவர் டயர் என்கிறார், ஒருவர் கியரை மாற்றாதவனுக்கு மோட்சமே இல்லை என்கிறார், இன்னொருவர் சீட்டைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாமே உண்மை போல் இருந்ததுதான் சிக்கல். ஜெர்சனிடமே பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "வெயிட்டுதான் எல்லாம். அதுலயும் சுத்தற வெயிட்டு" என்றான். சரி, என் சைக்கிளில் எது எவ்வளவு கனம் என்று பார்ப்போமே என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் பையில் போட்டு, தெருமுனையில் பழைய பேப்பர் எடுக்கும் கடைக்குப் போனேன், அங்கேதான் தராசு இருக்கிறது. சீட்டுக் குழாயையும் பெடல்களையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டேன். கடைக்காரர் பொறுமையாக நிறுத்துவிட்டு, அலுமினியம் கிலோ அறுபது, சீட்டு வேண்டாம், ரெக்ஸினுக்கு மதிப்பில்லை என்று இந்தியில் சொல்லி நாற்பத்தெட்டு ரூபாயை என் கையில் வைத்தார். விற்க வரவில்லை, தெரிந்துகொள்ள வந்தேன் என்றேன். சாமான்களைத் திருப்பி வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. இதில் நான் கண்டுபிடித்தது, சைக்கிளில் சுலபமாகக் குறைக்கக்கூடிய பெரிய கனம் பாட்டிலில் இருக்கும் தண்ணீர்தான்.

பிறகு கசார்வாடியில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் முகமது ரஃபீக் பாயிடம் போனேன். அவர் அப்பா காலத்தில் வாணியம்பாடியிலிருந்து வந்தவர்கள். சைக்கிளை ஒரு கையால் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, காது வைத்துக் கேட்டார்.

"வீலுக்கு ஒண்ணும் இல்ல மேடம். டயர் ரெண்டும் தேஞ்சிருக்கு, செயின் லூசு. ரெண்டாயிரத்துல முடிச்சிரலாம். மிச்ச காசுக்கு பிரியாணி சாப்புடுங்க."

"பிரியாணி சாப்பிட்டா என் வெயிட்டு ஏறுமே பாய்?"

"அரே, மேட்டுல மிதிக்கறது சைக்கிளா, நீங்களா? தெம்பு வேணாமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் டயர், செயின், பிரியாணி என்பது மூன்று பொருள். உங்கள் நிபந்தனை ஒரே பொருள். அதனால் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஜெர்சன் தன்னுடைய பழைய சக்கரங்களை விற்பதாகச் சொன்னான். என்னுடையதைவிட நானூறு கிராம் குறைவு. சரியாகப் பதினைந்தாயிரம். "ஒரு வாரம் ஓட்டிப் பாரு, புடிச்சா வெச்சுக்கோ" என்று போன சனிக்கிழமை அவனே வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கார அம்மா விசாலம் அக்காவுக்கு அம்பாசமுத்திரம். மறுநாள் விடியற்காலையில் நான் சைக்கிளைத் தெருவில் இறக்கியதும் கற்பூரத் தட்டோடு வந்துவிட்டார். "ஏட்டி, புதுச் சக்கரத்த சும்மா ஏறி மிதிச்சுட்டுப் போவியோ? எலுமிச்சம்பழம் வைக்காண்டாமா?" என்று முன் சக்கரத்தடியில் ஒன்று, பின் சக்கரத்தடியில் ஒன்று வைத்தார். "இது கார் இல்லக்கா" என்றேன். "சக்கரம்னா சக்கரந்தான்" என்றார். மாமா, என் டயர் கட்டைவிரல் அகலம். எலுமிச்சம்பழம் அதைவிட அகலம். நான் ஒரு மிதி மிதித்தேன். முன் சக்கரம் பழத்தின் மேல் ஏறி ஒரு கணம் நின்று யோசித்து, வலது பக்கம் வழுக்கியது. நான் இடது பக்கம் விழுந்தேன். எதிர் வீட்டுப் பால்கனிகளில் மூன்று மராத்திக் குடும்பங்கள் நின்று பார்த்தன. ஒரு பெரியவர் கை தட்டினார், விழுவதும் சடங்கில் சேர்ந்தது என்று நினைத்திருக்க வேண்டும். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பழங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் முழங்கைக்கு மஞ்சள் வைத்துவிட்டு, அந்தப் பழங்களையே பிழிந்து எனக்கு ஜூஸ் கொடுத்தார் விசாலம் அக்கா. "திருஷ்டி கழிஞ்சிட்டு, விடு" என்றார். அந்த ஞாயிறு போக முடியவில்லை.

ஒரு வாரக் கெடு இன்றோடு முடிகிறது. எல்லாவற்றையும் யோசித்து, சக்கரத்தில்தான் காசு போடுவது என்று தீர்மானித்துவிட்டேன். சுற்றுகிற கனம் குறைந்தால் மேட்டில் எங்கள் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டிக்கொண்டால் லூர்து மாமா என்ன ஆனார் என்று தெரியும். நாளை ஜெர்சனிடம் பணத்தைக் கொடுத்துவிடுவேன். உங்கள் பணம் வீணாகவில்லை என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

மாமிக்கு என் வணக்கம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், சாயங்காலம் நடங்கள். நீங்கள் இருவரும் நூறு வயது நோயில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள் மீனு

பின்குறிப்பு, ஞாயிறு மத்தியானம்: தபாலில் போடாதது நல்லதாயிற்று. பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு புதுச் சக்கரத்தில் போனேன். அதே மேட்டில்தான் பின்தங்கினேன், மாமா. வழக்கமாக விடும் இடத்திலிருந்து ஒரு கரண்டு கம்பம் தள்ளி. அவ்வளவுதான் பதினைந்தாயிரத்துக்கு. அவன் முதுகு சின்னதாவதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "ஜெர்சன்! லூர்து மாமா அப்புறம் என்ன பண்ணார்?" என்று கத்திவிட்டேன். லாரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெர்சன் நின்றான். நான் வரும்வரை காத்திருந்தான். "நீ கேட்டுட்டா இருந்த? நான் மேட்டுல கதையே சொல்றதில்ல மீனு, மூச்சு வாங்கும். மேல போனதும் ஒருத்தனும் கேக்கமாட்டான், நானும் விட்டுருவேன். ஒரு வருஷத்துல நீதான் மொத ஆளு" என்றான். அப்புறம் என் வேகத்திலேயே மிதித்துக்கொண்டு முடிவைச் சொன்னான். லூர்து மாமா சர்ச் மாறிப் போயிருந்தாராம். அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து கேக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் தன் கல்யாணத்துக்கு ஓடினாராம்.

சக்கரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரி என்றான். பணம் அப்படியே இருக்கிறது, நிபந்தனையைத் தளர்த்துவீர்களா என்று எழுதவும். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் மெல்ல ஏறிக்கொண்டிருந்தபோது, மேட்டு உச்சியில் மற்ற ஆறு பேரும் எதற்கோ சேர்ந்து பலமாகச் சிரித்தார்கள். ஜெர்சன் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"என்னவாம்?" என்றான் என்னிடம்.