உப்பு, தேவையான அளவு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் தங்கள் தங்கையும், அவளுடைய வலது மணிக்கட்டு நீங்கலாக, நலம். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரான சகோதரியாரும் பிள்ளைகளும், சென்ற முறை வந்தபோது இருமிக்கொண்டிருந்த தங்கள் காரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஆனால் அந்தக் கார் வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் அதில் தாங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

முதலில் உண்மைகளைச் சரிபார்த்துவிடுவோம். இங்கே தீயணைப்பு வண்டி வந்ததாகத் தங்களிடம் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். தங்கள் சித்தப்பா மகன்தான். எங்கள் வீட்டில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். அன்று வாசலில் நின்றது குப்பை வண்டி. சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான். புகை வந்தது உண்மை. தீ வரவில்லை. புகைக்கும் தீக்கும் வித்தியாசம் தெரியாதவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு, "மாப்ள, வீம்பு பிடிக்காதீங்க. வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன் நீங்க. தங்கச்சியை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்துடறேன், கை நல்லா ஆகட்டும், ஒரு ரெண்டு மாசம் எங்களோட இருக்கட்டும்" என்றீர்களே, அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். உங்கள் தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து இன்றோடு எட்டு வாரமும் இரண்டு நாளும் ஆகின்றன. இந்த நாட்களில் நான் வைத்த வெந்நீர் மட்டும் நூற்றைம்பது லிட்டருக்குக் குறையாது. அத்தனையும் கொதித்தது.

வெந்நீரோடு நான் நிற்கவுமில்லை. இத்தாலிய உணவு சமைக்கிறேன். நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஏன் அந்தச் சமையலுக்குப் போனேன் என்பதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். முதல் இரண்டு நாள் உங்கள் தங்கை வழக்கமாகச் செய்வதைத்தான் நானும் செய்து பார்த்தேன். அவள் மாவுக்கட்டுக் கையோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கட்டளை போட்டாள். அவளுடைய அடுக்களையில் நாற்பத்தோரு டப்பாக்கள் இருக்கின்றன. சர்க்கரை என்று எழுதியதில் உப்பு, உப்பு என்று எழுதியதில் சோப்புத் தூள், பிஸ்கட் டப்பாவில் ஊசியும் நூலும். முப்பத்தோரு வருடம் கடை கடையாக ஏறி இறங்கி, தராசும் எடைக்கல்லும் சோதித்து முத்திரை குத்திய ஆய்வாளர் வீட்டில் இந்த லட்சணம். "ஏம்மா, மேல ஒண்ணு எழுதியிருக்கு, உள்ள ஒண்ணு இருக்கு, இது என்ன நியாயம்?" என்று கேட்டேன். "எழுதினது கடைக்காரன், வச்சது நான். நீங்க யாரை நம்புவீங்க?" என்று கேட்கிறாள். மூன்றாம் நாள் மாடி வீட்டு நர்ஸம்மா ஒரு புத்தகம் கொடுத்தார். வீட்டிலேயே எளிய இத்தாலிய உணவுகள் என்று அட்டையில் போட்டிருந்தது. அதில் இருந்த ஒன்றைக்கூட உங்கள் தங்கை வாழ்நாளில் சமைத்ததில்லை. அந்த ஒரு தகுதி போதும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த நாட்டில் அவள் அதிகாரம் செல்லாது.

ஆனால் எளிய என்று போட்டவனை நேரில் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பேன், மச்சான். புத்தகம் முழுக்க உப்பு தேவையான அளவு, எண்ணெய் கொஞ்சம் தாராளமாக, மிளகு ஒரு சிட்டிகை. யாருடைய சிட்டிகை? நான் பத்துச் சிட்டிகை எடுத்து நிறுத்து பத்தால் வகுத்தேன். உங்கள் தங்கையை இடது கையால் பத்து எடுக்கச் சொன்னேன். மாவு கடன் கேட்க வந்த நர்ஸம்மாவையும் விடவில்லை. மூன்று பேருக்கும் மூன்று எடை. இதில் எந்தச் சிட்டிகைக்கு நான் முத்திரை குத்துவது? இன்னொரு பக்கத்தில், பாஸ்தா வேகும் தண்ணீர் கடலைப் போல் உப்பாக இருக்க வேண்டும் என்று இருந்தது. அப்பாடா, இப்போதாவது ஒரு அளவு சொன்னானே என்று சந்தோஷப்பட்டேன். நூலகத்துக்குப் போய்ச் சரிபார்த்தேன். கடல் நீரில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு இருக்கிறது. நான்கு லிட்டருக்கு நூற்று நாற்பது கிராம். சிந்தாமல் சிதறாமல் நிறுத்துப் போட்டேன். உங்கள் தங்கை இரண்டு வாய் சாப்பிட்டாள், நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு, "கடல் ரொம்ப நல்லா வந்திருக்குங்க. மீன் ஒண்ணுதான் பாக்கி" என்றாள். அது என் தவறா? சொன்னதைச் செய்தேன். எழுதியவன் கடலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

இப்போது புகை விஷயத்துக்கு வருகிறேன். அன்று அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு பாஸ்தா பொட்டலத்தை நிறுத்தேன். மேலே ஐந்நூறு கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. என் தராசு நானூற்று எண்பத்தேழு காட்டுகிறது. பதின்மூன்று கிராம் குறைகிறது, மச்சான்! ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தின்ன முடியுமா? பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார். பிறகு நான் ஓய்வு பெற்றது ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டார். "எடை குறையுது" என்றேன். அவர் பொட்டலத்தைத் தன் தராசில் வைத்தார். ஐந்நூறுக்கு மேலேயே காட்டியது. "உங்க தராசு பொய் சொல்லுது" என்றேன். அவர் தராசைத் திருப்பி அடியில் இருந்த முத்திரையைக் காட்டினார். "ஐயா, இது உங்க கையால குத்தினது. ஓய்வு பெறுறதுக்கு முந்தின வாரம். அது பொய்யின்னா நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, நான் கல்லாவுக்கு மேல மாட்டி வச்சுக்கறேன்" என்றார். கடையில் இருந்த ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பொய் சொல்வது என் முத்திரையா என் வீட்டுத் தராசா என்று முடிவு கட்ட நாற்பது நிமிடம் ஆனது. என் வீட்டுத் தராசுதான். அதைப் பறிமுதல் செய்து பரணில் போட்டுவிட்டேன். அதற்குள் இங்கே தண்ணீர் முழுக்க வற்றிப் பாத்திரம் கருகிவிட்டது. உங்கள் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். புகை நாற்றத்தில் விழித்து, இடது கையால் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்திருக்கிறாள். நடந்தது இவ்வளவுதான். பாத்திரத்துக்குக்கூட நஷ்டமில்லை. மூன்று வாரம் கரி பிடித்தபடி மூலையில் கிடந்தது. போன வாரம் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தேன், மதியம் தூங்கி எழுந்து பார்த்தால் கரி தானாகக் கழன்று பளபளவென்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொறுமை வேண்டும்.

இந்த ஊற வைக்கும் கலையை நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும். மாவுக்கட்டு பிரித்த மறுவாரம் தக்காளிச் சாறு பாட்டில் ஒன்றைத் திறக்க அரை மணி நேரம் போராடினேன். துணியைச் சுற்றித் திருகினேன், கதவிடுக்கில் வைத்துத் திருகினேன், அசையவில்லை. வெந்நீரில் நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். எழுந்து வந்து இரண்டு விரலால் தொட்டேன், திறந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்து, கடைப் பாஸ்தாவை விட்டுவிட்டு நானே மாவு பிசைந்து செய்வது என்று இறங்கினேன். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்கிறது புத்தகம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு முட்டை நாற்பத்தெட்டு கிராம் இருக்கிறது, ஒன்று அறுபத்தொன்று இருக்கிறது, கோழிகளுக்கு ஆய்வாளரே கிடையாது. போகட்டும் என்று பிசைந்தேன். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் பிசைந்தும் மண்ணாங்கட்டியாகத்தான் இருந்தது. ஈரத் துணியால் மூடி சும்மா விட்டால் மாவு தானே பதமாகிவிடும் என்று எழுதியிருந்தது. நம்பிக்கையில்லாமல்தான் மூடிவிட்டுத் தூங்கப் போனேன். எழுந்து துணியை விலக்கினால் காது மடல் மாதிரி மெத்தென்று இருக்கிறது! தேய்த்து, அளவுகோல் வைத்து ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்கு ரிப்பன் ரிப்பனாக வெட்டினேன். பூண்டும் எண்ணெயும் மட்டும் போட்டுப் புரட்டினேன். உங்கள் தங்கை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முப்பத்து நான்கு வருடத்தில் அவள் எதையும் இரண்டாவது முறை கேட்டு நான் பார்த்ததில்லை. பிறகுதான் உறைத்தது, யாரிடம் கேட்பாள்? பரிமாறினவளே அவள்தானே.

நீங்கள் கேட்பீர்கள், மாவுக்கட்டுதான் பிரித்தாயிற்றே, இன்னும் ஏன் நீங்கள் சமைக்கிறீர்கள் என்று. மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் அறைக்குள் அவள் மட்டும் போனாள். வராந்தாவில் இருந்த ஆள் நிறுக்கும் இயந்திரம் என்னை இரண்டு கிலோ கூட்டிக் காட்டியதால் அதைப் பற்றி நான் அலுவலகத்தில் பேச வேண்டியிருந்தது. திரும்பி வந்தால் அவள் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். இன்னும் ரொம்ப நாளைக்குக் கரண்டியே பிடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். சொன்னால் சொல்லட்டும். ஆறு மாதம் என்றாலும் நான் தயார்.

மச்சான், இனி சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் உண்டு, சகோதரியாரின் கைப்பக்குவம் உண்டு, இரண்டு குளியலறை உண்டு. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அங்கே அவள் சுகமாக இருப்பாள். இங்கே வாரத்துக்கு ஒரு தடவை ரொட்டியைக் கருக்கிவிடுகிறேன். போன வாரம் கருகின ஓரத்தை வெட்டி நான் எடுத்துக்கொண்டேன். "அதை ஏங்க எடுத்தீங்க? எனக்கு அதுதானே பிடிக்கும்" என்று என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள். இத்தனை வருடமும் கருகினதை அவள் எடுத்துக்கொண்டது தியாகம் என்று நினைத்திருந்தேன். பிடித்துச் சாப்பிட்டிருக்கிறாள்! நாற்பத்தோரு டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாதது போகட்டும், இதுவும் எனக்குத் தெரியவில்லை. இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. இந்த நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறீர்களே, உங்களுக்கே நன்றாக இருக்கிறதா? எனக்குச் சமைக்கத் தெரியாது என்றீர்கள். சரி, கற்றுக்கொண்டேன். அவள் இல்லாத வீட்டில் இருக்கவும் எனக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆகவே அனுப்ப மாட்டேன். காரோடு வந்தாலும் சரி, ஒலிபெருக்கியோடு வந்தாலும் சரி, அனுப்ப மாட்டேன்.

சகோதரியாருக்கு எடை குறையாத என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், தேவையான அளவு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வெந்நீர் வைக்கத் தெரிந்த மாப்பிள்ளை

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டும் வேலையை உங்கள் தங்கையிடம் கொடுக்கிறேன். சும்மா உட்கார்ந்து அலுத்துவிட்டதாம். இடது கை வேலை என்றால் பாதகமில்லை.

பி.பி.கு.: அண்ணா, எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இது என் வலது கை எழுத்து. மாவுக்கட்டு பிரித்துப் பதினாறு நாளாகிறது. கையைச் சும்மா வைத்திருக்கக் கூடாது, பாத்திரம் தேய்க்கலாம், மாவு பிசைந்தால் ரொம்ப நல்லது என்றுதான் டாக்டர் சொன்னார். உன் மாப்பிள்ளை மதியம் தூங்கும்போது மாவைப் பிசைவது நான்தான். அந்தப் பாத்திரத்தைத் தேய்த்ததும் நான்தான், பாட்டில் மூடியைத் திருகி மறுபடி லேசாக மூடி வைத்ததும் நான்தான். உப்பு மட்டும் அவரே போடுகிறார். இப்போதெல்லாம் சரியாகவே போடுகிறார், நிறுப்பதில்லை. சாப்பிட்டீங்களா, உப்பு சரியா இருக்கா என்று முப்பத்து நான்கு வருஷம் நான் கேட்டிருக்கிறேன். இப்போது என் முன்னால் தட்டை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, முதல் வாயை நான் விழுங்குகிற வரைக்கும் ஒருத்தர் மூச்சு விடாமல் என் முகத்தையே பார்க்கிறார். இதை விட்டுவிட்டு உன் வீட்டில் வந்து நான் என்ன செய்யப் போகிறேன்? தூளியை இப்போதைக்குக் கழற்றுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு சாப்பிட வா, அழைத்துப் போக வராதே. அவரிடம் மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதே. சொன்னால், இந்தத் தடவை ஒடிகிற கை என்னுடையதாக இருக்காது.