பாலிப்பும் மாமியார் வீட்டுச் சந்தகையும்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதானுங்க. வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இதுல தப்பு பண்ண என்ன இருக்குன்னுதானே கேக்கறீங்க? நான் பண்ணுனேன்!

போன வாரம் எண்டோஸ்கோப்பி பார்த்தப்ப, வயித்துக்குள்ள சின்னதும் பெருசுமா பாலிப் இருக்குன்னாங்க. உள்சுவர்ல முளைக்கற சின்னச் சதைக் கட்டி. துளி கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பிச்சாங்க. "அடுத்த வாரம் ரிசல்ட் சொல்லிட்டு, பெருசை எடுத்துடலாம். பயப்படாதீங்க"ன்னார் டாக்டர்.

அவர் பயப்படாதீங்கன்னதுல இருந்துதான் எனக்குத் தூக்கம் போச்சு. கேன்சரா இருந்தா? மனசுக்குள்ள உயிலே எழுதி முடிச்சுட்டேன்.

துணைக்கு ஒரு ஆள் வேணும்னாங்க. சம்சாரத்துக்கு ஸ்கூல்ல பரீட்சை டூட்டி. புளியம்பட்டியில இருந்து கோயமுத்தூர் போற வழியில, அன்னூர்லதான் மச்சான் வீடு. அவரைக் கார்ல ஏத்திக்கலாம்னு போய் ஹாரன் அடிச்சேன்.

வெளிய வந்தது மாமியார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, வாசல்லயே நிக்கறீங்க? உள்ள வாங்க. சந்தகை புழிஞ்சு வெச்சிருக்கறேன்." சந்தகைன்னா எங்க பக்கத்து இடியாப்பமுங்க.

"இல்லீங்க அத்தை, டாக்டரு இன்னிக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு..."

"அது சோத்துக்குச் சொல்லியிருப்பாங்க. இது ஆவியில வெந்ததுங்க, மருந்தாட்டம்! மாப்பிள்ளை வெறும் வயித்தோட போனா ஊரு என்னங்க பேசும்?"

ஆபீஸ்ல மேனேஜரையே எதுத்துப் பேசற வாய் இது. அத்தை முன்னால தொறந்தது சந்தகைக்கு மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில நர்ஸம்மா கேட்டாங்க, "ஏதாச்சும் சாப்பிட்டீங்களா சார்?"

உண்மையைச் சொன்னா தள்ளிப் போட்டுருவாங்க. ரிசல்ட் தெரியாம இன்னொரு வாரமா? என்னால ஆகாது சாமி!

"பச்சத் தண்ணிகூடக் குடிக்கலீங்க சிஸ்டர்."

பக்கத்துல நின்ன மச்சானுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"என்னங்க மாப்ள, இப்படிச் சொல்லிப்போட்டீங்க? சிஸ்டர், எங்கூட்டு மாப்பிள்ளைய வெறும் வயித்தோட அனுப்புவமாங்களா? தேங்காப்பால் ஊத்தி, ரெண்டாந்தடவையும் வாங்கிச் சாப்பிட்டாருங்க!"

நேரா டாக்டர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

"மயக்கத்துல இருக்கறப்ப அந்தச் சந்தகை மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிருந்தா என்னங்க ஆயிருக்கும்? மச்சானுக்கு நன்றி சொல்லுங்க."

மச்சான் மீசையைத் தடவிக்கிட்டார்.

"ரிசல்ட்டுங்க டாக்டர்?"ன்னு கேட்டேன்.

"கேன்சர் இல்லீங்க. வயித்துப் பாலிப்ல முக்காவாசி சாதுதான். அசிடிட்டி மாத்திரைய வருசக்கணக்கா முழுங்கறவங்களுக்கு ஒரு வகை வரும். கேஸ்ட்ரைட்டிஸ்னு வயித்தோட உள்சுவர் ரொம்ப நாள் புண்ணாகி, ஆறி, திரும்பப் புண்ணாகறப்ப சதை கூடுதலா வளர்றது இன்னொரு வகை. உங்களுது அதுதான். அடினோமான்னு ஒண்ணு இருக்கு, நாளாவட்டத்துல கேன்சரா மாறலாம், அதைத்தான் சும்மா விடக் கூடாது. அது உங்களுக்கு இல்ல. புண்ணுக்குக் காரணமான கிருமிக்கு மருந்து தர்றேன். பெருசை மட்டும் அடுத்த வாரம் எடுத்துடலாம்."

வெக்கமே இல்லாம அழுதுட்டேன். பார்த்தா, மச்சானும் துண்டால கண்ணைத் தொடைக்கறார்.

வெளிய வந்ததும் உஷாராயிட்டேன். "மச்சான், அடுத்த வாரம் நான் அன்னூர்ல வண்டிய நிறுத்த மாட்டேன். நீங்க பஸ் ஏறி நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

"அதுக்கென்னங்க மாப்ள, வாரேன். அம்மா சந்தகையக் கேரியர்ல போட்டுக் குடுத்து உட்டுரும்."