சிஸ்டம் சித்தரின் சிவப்பு அரக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் போனீர்களானால் ஒரு கண்கொள்ளாக் காட்சியைக் காணலாம். பெண்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்பது பிள்ளைகளை அல்ல, கம்ப்யூட்டர் பெட்டிகளை. ஆண்கள் தோளில் சுமந்து நிற்கிறார்கள். வசதியானவர்கள் டாக்ஸியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். வடாலாவிலிருந்து வருகிறார்கள், ஆண்டாப் ஹில்லிலிருந்து வருகிறார்கள், கல்யாணிலிருந்து லோக்கல் ரயில் நெரிசலில் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறார்கள். மாட்டுங்காப் பட்டதாரிகளுக்கும் குறைவில்லை. ஏமாறுவதில் மட்டும் படித்தவன், படிக்காதவன் என்ற பேதம் நம்மிடம் கிடையாது. அந்த ஒரு துறையில் நாம் சமத்துவத்தை எப்போதோ அடைந்துவிட்டோம்.

எல்லாம் யாரைப் பார்க்க? சிஸ்டம் சித்தரை.

சித்தரின் பழைய பெயர் முத்துசெல்வம். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் லாமிங்டன் ரோட்டில் ஏதோ ஒரு ரிப்பேர் கடையில் ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தவர். அங்கே வேலை போனது. அடுத்த வாரமே ஞானம் வந்தது. வேலை ஏன் போனது என்று எந்தப் பக்தரும் கேட்டதில்லை. ஞானம் எப்படி வந்தது என்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

சித்தரின் தத்துவம் எளிமையானது. கம்ப்யூட்டர் மந்தமாக ஓடினால் கோளாறு இயந்திரத்தில் இல்லை. செத்துப்போனவர்களின் ஃபோட்டோக்களை உள்ளே ஏற்றி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அவர்களுடைய ஆவி உள்ளே குடியேறிவிட்டது. ஆவி உட்கார்ந்திருக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் எப்படி ஓடும்? கேட்டவர்கள் "ஆமாம்லா!" என்று வாய்பிளந்தார்கள். யார் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் செத்துப்போன தாத்தாவின் படம் இல்லை!

சித்தருக்கு மதபேதமும் கிடையாது. இந்துவுக்கு விபூதி, முஸ்லிமுக்குப் பன்னீர், வேதக்காரருக்கு ஆலிவ் எண்ணெய். உண்டியல் மட்டும் எல்லோருக்கும் பொது.

முதலில் பெட்டியை மேடையில் வைத்து மானிட்டரோடு இணைத்து ஓடவிடுவார். அதன் தலையில் ஓர் எலுமிச்சம்பழம். கண்ணை மூடி முணுமுணுப்பார். யாரும் தொடாமலே பழம் மெல்ல அசையும், நகரும், விளிம்புக்கு உருண்டு வந்து தொப்பென்று விழும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு பெட்டி திரைக்குப் பின்னால் போகும். அங்கிருந்து 'டுர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். திரைக்கு அடியிலிருந்து கறுப்பாகப் புகை கிளம்பும். ஆவி ஓடுகிறதாம்! கடைசியில் பெட்டியின் மூடியில் சிவப்பு நூல் சுற்றி, அரக்கு உருக்கிச் சீல் வைத்து வெளியே கொண்டுவருவார். மானிட்டரில் இணைத்தால், அட, கம்ப்யூட்டர் பறக்கும்.

"இந்தச் சீலை மட்டும் எவனும் உடைக்கப்படாது. உடைச்சா உள்ள இருக்கது பூரா எரிஞ்சி சாம்பலாயிரும், ஆமா" என்று சித்தர் எச்சரிப்பார்.

யாரும் உடைத்ததில்லை. மாதம் ஒன்று போனதும் கம்ப்யூட்டர் மறுபடி மக்கர் செய்யும். ஆவி பழைய வீட்டைத் தேடி வந்துவிட்டதாம். மறுபடி வரிசை, மறுபடி பரிகாரம். நோயாளி பிழைக்கவும் கூடாது, சாகவும் கூடாது. நல்ல வைத்தியம்.

சித்தர் இருக்கும் சந்துக்கு அடுத்த சந்தில் இருப்பவள் ஜான்சி. கார்மெண்ட் பட்டறையில் எம்பிராய்டரி மெஷின் முன்னால் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோனவள். 'இனி நின்று வேலை பார்த்தால் காலையே மறந்துவிட வேண்டியதுதான்' என்று டாக்டர் சொன்ன பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடி, கம்ப்யூட்டரில் எம்பிராய்டரி டிசைன் போடக் கற்றுக்கொண்டாள். நகையை விற்றுப் பெட்டி வாங்கினாள். வடாலாவில் பட்டறை வைத்திருக்கும் பைசான் அவளுக்கு முதல் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். கல்யாணப் புடவைக்கு ஒரு மயில், தோகை விரித்த மயில்.

"திங்கக்கிழமை காலையில டிசைன் கையில இருக்கணும், பெஹன். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார் பைசான்.

ஜான்சியின் கம்ப்யூட்டரும் மந்தம்தான். அதற்கு ஆவி தேவையில்லை, புருஷன் ஜெபாவே போதும். இலவசம் என்று கண்ட இடத்திலிருந்தெல்லாம் அவன் இறக்கி வைத்திருந்த ஆன்ட்டி வைரஸ்கள் உள்ளே உட்கார்ந்து ஒன்றையொன்று திருடன் என்று சந்தேகித்துக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு, பெட்டியில் தூசி படாமலிருக்க அவனே ஒரு வெல்வெட் உறை தைத்துப் போட்டிருந்தான். மூச்சுமுட்டிய பெட்டி முனகிக்கொண்டே ஓடியது. ஆனாலும் ஓடியது, மயில் பாதிவரை வந்திருந்தது.

அக்கா மகளின் ஞானஸ்நானத்துக்கு ஜான்சி கல்யாண் போன நாள் பார்த்து ஜெபா பெட்டியைச் சித்தரிடம் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவள் திரும்பி வந்ததும் பெருமை தாங்கவில்லை அவனுக்கு. "ஏட்டி, ஆன் பண்ணிப் பாரு. ஃபட்டாஃபட்னு வருது! சாமி தொட்டா சும்மாவா?"

உண்மைதான், சட்டென்று வந்தது. ஜான்சி மயிலைத் திறந்தாள். தோகையில் நான்கு கண் போடுவதற்குள் திரை உறைந்தது. அணைத்துப் போட்டாள். மறுபடி உறைந்தது. முன்பு முனகிக்கொண்டாவது நகர்ந்த பெட்டி, இப்போது மயிலைப் பார்த்தாலே மூச்சை விட்டது.

ஜான்சி விரல்விட்டு நாள் எண்ணினாள். திங்கட்கிழமை, பைசான், பட்டறை, மறுபடி அந்த மெஷின் முன்னால் நிற்கிற நிற்பு. அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு யோசித்தாள். இந்த வரிசை முக்கியம். நம்மில் பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று அதுவே காட்டுகிற பக்கத்தைத் திறந்தாள். ரேம், எட்டு. அவள் வாங்கியது பதினாறு. டிசைன் மென்பொருளுக்குப் பதினாறு வேண்டும் என்பதற்காகத்தான் கடைசி வளையலையும் விற்றாள். கம்ப்யூட்டர் ஒரே சமயத்தில் எவ்வளவு வேலையைக் கையில் ஏந்த முடியும் என்பது இந்த ரேமைப் பொறுத்தது. உள்ளங்கை நீளத்தில் பச்சைப் பட்டை. எட்டும் எட்டுமாக இரண்டு பட்டைகளைக் கடைக்காரர் அவள் கண்முன்னால்தான் செருகினார்.

"ஏங்க, ஒண்ணைக் காணலையே?"

"ஆவி போவும்போது கொஞ்சம் சேதாரம் இருக்கும்னு சாமி சொல்லிருக்காவ. ரெண்டாம் பரிகாரத்துக்கு வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டாரச் சொல்லிருக்காவ."

"சரி, போவோம்" என்றாள் ஜான்சி. பெண்டாட்டி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதையும் சித்தரின் அற்புதங்களில் ஒன்றாக ஜெபா சேர்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் அவர்களுக்கு முன்னால் நின்றவர் மாட்டுங்கா பஞ்சாபகேசன். வங்கியில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். காய்கறிக்காரன் தராசைக்கூடச் சரிபார்த்துவிட்டுத்தான் வெண்டைக்காய் வாங்குவார். சித்தர் ஒருவரைத்தான் சரிபார்க்காமல் நம்பினார். அவர் பெட்டியின் காற்றுத் துவாரங்களை ஆயுதபூஜைச் சந்தனமும் குங்குமமும் அழகாக அடைத்திருந்தன.

"அமெரிக்காவில இருக்கான் என் பிள்ளை ஆதர்ஷ். 'அப்பா, தூசியைத் தட்டு, தேவையில்லாததை அழி'ங்கறான். அவனுக்கு நம்பிக்கை வரட்டும்னு கம்ப்யூட்டர்ல என்னென்ன இருக்குன்னு காட்டற பக்கத்தை ஆத்துலேயே வீடியோ எடுத்துண்டு வந்திருக்கேன். பூஜைக்கு முன்னாடி இது, பின்னாடி இன்னொண்ணு. ப்ரூஃப் வேணுமோன்னோ!"

ஜான்சிக்குக் கண் பளிச்சென்றது. "அதுல ரேம்னு ஒரு வரி இருக்கும் ஸார், பாருங்க."

ஃபோனை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "பதினாறு."

"பூஜை முடிஞ்சதும் அதே பக்கத்த இன்னொரு தரம் எடுங்க ஸார். வரிக்கு வரி வாசிங்க. மகனுக்கு நம்பிக்கை வரணும்லா."

"பேஷ்! நல்ல யோசனை சொன்னேள்."

பஞ்சாபகேசனின் முறை வந்தது. பழம் உருண்டது. திரை மூடியது. 'டுர்ர்ர்'. சந்தன வாசனையோடு கறும்புகை. அரக்குச் சீலோடு பெட்டி வெளியே வந்து, மானிட்டரில் இணைந்து, பறந்தது. கூட்டம் கைதட்டியது. பக்தர் வீடியோ எடுக்கிறார், விளம்பரம் சும்மா கிடைக்கிறது என்று சித்தரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு காமிராவுக்குள் நின்றார்.

பஞ்சாபகேசன் அமெரிக்காவுக்குக் கேட்கிற குரலில் வாசித்தார். "ஆதர்ஷ், நன்னா பாத்துக்கோ. ப்ராசஸர், அதே. ரேம்..." குரல் இறங்கியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எட்டுன்னா போட்டிருக்கு?"

ஜான்சி மேடையேறினாள். "அவருக்கும் எட்டு, எனக்கும் எட்டு. மீதி எட்டு எங்க சாமி?"

சித்தர் அசரவில்லை. "எம்மா, ஆவி போவும்போது சும்மா போவாது. ஒரு பங்கு எடுத்துக்கிட்டுத்தான் போவும்."

"எல்லா வீட்டு ஆவியும் சரிபாதியா எடுக்குதே. அம்புட்டுக்கும் ஒரே ஸ்கூல்ல கணக்குப் பாடமோ?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தரின் முகம் மாறியது. "ஆண்டவன் காரியத்துல கட்பட் பண்ணிக் கொழப்பாத, சொல்லிட்டேன்!"

ஜான்சி தன் பெட்டியை மேடையில் வைத்துச் சேலை முந்தியிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. ஜெபா அவள் கையைப் பிடித்தான்.

"ஏட்டி, வேண்டாம்! ஒன் மயில் பூரா அதுக்குள்ளதான் கெடக்கு. எரிஞ்சிட்டுன்னா நம்ம பொழப்பே போச்சு!"

"உடைக்காதட்டி! உடைச்சா சாம்பல்!" சித்தர் கத்தினார்.

ஜான்சி கையை உருவிக்கொண்டாள். நிமிர்ந்து சித்தரைப் பார்த்துக் கேட்டாள். "எரிஞ்சா என் வேலை எரியுது. என் நகை எரியுது. எனக்கே பயமில்ல. ஒமக்கு எதுக்குவே இம்புட்டு பயம்?"

அரக்கு நொறுங்கியது. நூல் அறுந்தது. மூடி திறந்தது.

ஒன்றும் எரியவில்லை. பூதம் வரவில்லை. உள்ளே ஒரு பச்சைப் பட்டை இருந்தது; அடுத்த பட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம். அதன்மேல் ஒரு செப்புத் தகட்டை ஒட்டி வைத்திருந்தார்கள், திருடிய இடத்துக்குப் பொட்டு வைத்த மாதிரி.

பஞ்சாபகேசன் போய்த் திரையை இழுத்தார். ஆடிட்டர் விழித்துக்கொண்டுவிட்டார், கொஞ்சம் தாமதமாக. உள்ளே தூசி ஊதுகிற புளோயர் ஒன்று. இரைச்சல் அதனுடையது; புகை உங்கள் வீட்டுத் தூசி. பக்கத்தில் ஒரு முறுக்கு டப்பா. டப்பா நிறையப் பச்சைப் பட்டைகள், லாமிங்டன் ரோட்டுக்கு விலைக்குப் போகத் தயாராக. தாராவி முதல் கல்யாண் வரை எல்லார் வீட்டு ஆவிகளும் அந்த டப்பாவுக்குள் ஒற்றுமையாகக் கிடந்தன.

தூசியை ஊதுவது, தானாக ஓடும் வெட்டிப் புரோகிராம்களை நிறுத்துவது, இவ்வளவுதான் முதல்நாள் வேகத்தின் ரகசியம். பாதி ரேமைக் கழற்றுவது பிந்திய மந்தத்தின் ரகசியம். வேகத்துக்கும் காணிக்கை, மந்தத்துக்கும் காணிக்கை.

சித்தர் ஓடப் பார்த்தார். எங்கே ஓடுவது? இருவர் எதிரெதிரே வந்தாலே தோள் உரசுகிற சந்து. அதில் ஆளுக்கொரு பெட்டியோடு அவரே சேர்த்த வரிசை. தன் புகழே வழியை அடைத்துக்கொண்டு நிற்க, போலீஸ் வரும்வரை அவர் அங்கேயே நின்றார்.

ஜான்சி டப்பாவிலிருந்து ஒரு பட்டையை எடுத்துச் செருகிப் பெட்டியை ஓடவிட்டாள். பதினாறு. மயிலைத் திறந்தாள். தோகை தடங்கலில்லாமல் விரிந்தது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஜெபா வெல்வெட் உறையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டான். திங்கட்கிழமை காலையில் மயில் வடாலாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அன்றைக்கே, எல்லாம் அம்பலமான பிறகும், பஞ்சாபகேசன் விடவில்லை. "அதெல்லாம் சரிம்மா. அந்த எலுமிச்சம்பழம் தானா உருண்டுதே, அது?"

ஜான்சி பழத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தையல் கடைக்குப் போனாள். தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் பலகையில் வைத்தாள். பழம் அசைந்தது, நகர்ந்தது, உருண்டு வந்து பஞ்சாபகேசன் காலடியில் விழுந்தது.

"ஓடுற மெஷின் நடுங்கத்தான் செய்யும், ஸார். இல்ல, இதுக்குள்ளயும் ஒங்க தாத்தாதான் இருக்காவளோ?"

பெரியவர் முதல்முறையாகச் சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்து காலியாகத்தான் கிடந்தது. மகிழ்ச்சி. ஆனால் செம்பூரில் யாரோ ஒருவர் செல்போன் பேட்டரிக்குச் சனிதோஷம் கழிக்கிறாராம். அங்கே வரிசை தொடங்கிவிட்டது என்று கேள்வி. சந்தில் பார்த்த சில முகங்களை அங்கேயும் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

சித்தர் கழற்றியது கம்ப்யூட்டரின் மூளையில் பாதியைத்தான், ஐயா. உங்கள் மூளையை அவர் தொடவே இல்லை. அதற்கு அவருக்கு முன்பே யாரோ சிவப்பு நூல் சுற்றி, அரக்கு வைத்து, 'திறந்தால் எரியும்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்களும் பத்திரமாகக் காத்து வருகிறீர்கள். ஒரு தடவை உடைத்துத்தான் பாருங்களேன். ஒன்றும் எரியாது.