முதலாளி மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

"முதலாளியைப் பிடிச்ச பிறகுதான் என் கண்ணுல கத்தி வைக்க விடுவேன். இது சத்தியம்."

என் வீட்டுக்காரர் இடது கையால் மார்பில் தட்டி இந்தச் சபதத்தைப் போட்டார். வலது கையில் இரண்டு விரலுக்குப் பிளாஸ்திரி போட்டிருந்ததால் அதைத் தூக்கவில்லை. போனில் எங்கள் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

படிக்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம். இவர் யாரையும் கடத்தப் போகவில்லை. முதலாளி என்பது ஒரு மீன். அதுவும் நிஜ மீன் இல்லை. டி.வி.யில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேமில் ஒரு குளம் வரும். அந்தக் குளத்தில் இருக்கிற பெரிய மீசைக்கார மீன் அது. இவர் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடை முதலாளிக்கும் அதே மாதிரி இரண்டு பக்கமும் தொங்குகிற மீசை. ஒன்பது வயதில் எங்கள் பெண் வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது.

அந்த கேமை அவளுக்காகத்தான் வாங்கினோம். வாளோடு ஒரு பையன் வருவான். கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கும் இளவரசியை அவன் போய் மீட்க வேண்டும். கதை அதுதான். போகிற வழியில் ஒரு குளம். கரையில் ஒரு குடிசைக்காரர், வேண்டுமானால் கொஞ்ச நேரம் மீன் பிடித்துவிட்டுப் போ என்று தூண்டிலைக் கொடுப்பார். மற்ற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மீனைப் பிடித்துவிட்டுக் கோபுரத்துக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் அப்பாவும் பெண்ணும் குளக்கரையிலேயே குடியிருந்துவிட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஆறு வருஷம். அந்த இளவரசிக்கு இந்நேரம் தலை நரைத்திருக்கும்.

தினம் சாயங்காலம் இவர் கடையிலிருந்து வந்து கை கழுவுவார். உடம்பெல்லாம் கண்ணாடித் தூள் மினுக்கும். சட்டையை உதறிவிட்டு நேரே டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்வார். பட்டன் இவர் கையில். மிதவையைப் பார்க்கிற வேலை அவளுக்கு. மிதவை அமுங்கினதும் "இழுப்பா" என்று கத்துவாள். இவர் இழுப்பார். வேறு யோசனையே கிடையாது. அவள் சொன்னால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முதலாளி மட்டும் ஒரு தடவையும் மாட்டவில்லை.

பிறகு அவள் பெரியவளானாள். பரீட்சை வந்தது, ஹாஸ்டல் வந்தது, வேலை வந்தது. இப்போது விமானத்தில் போகிற தூரத்தில் இருக்கிறாள். கேம் பெட்டிக்கு நான் துணி தைத்துப் போர்த்தி வைத்தேன்.

இவருக்கு வலது கண்ணில் புரை வந்தது போன வருஷம். கண்ணாடி அறுக்கிறவருக்குக் கண் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இழுப்பில் நேர்க்கோடு போட்டு, மேஜை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பிஸ்கட் மாதிரி உடைய வேண்டும். இவர் போட்ட கோடு இப்போது பாம்பு போன தடமாக இருந்தது. மாதத்துக்கு இரண்டு தடவை விரலை அறுத்துக்கொண்டார். நிஜ முதலாளி நல்ல மனிதர். "அண்ணே, கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் கண்ணாடியைத் தொட வேண்டாம், வாசல்ல உட்கார்ந்து வர்றவங்களை வாங்கன்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷம் கண்ணாடி அறுத்தவரை வாசலில் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

டாக்டர் இன்னும் தெளிவாகச் சொன்னார். "புரை முத்திக்கிட்டு வருது. தள்ளிப் போட்டா ஆபரேஷன் கஷ்டமாயிடும்."

எனக்குக் குக்கரில் ஒரு விசில் குறைந்தாலே கவலை. கூடினால் அதற்கு மேல் கவலை. இதைக் கேட்ட பிறகு தூக்கமே போய்விட்டது.

"எப்ப பண்ணிக்கப் போறீங்க?"

"வெயில் காலம் போகட்டும்."

வெயில் போனது.

"மழை நிக்கட்டும்."

மழையும் நின்றது.

"குளிர்ல ஆபரேஷன் பண்ணினா தையல் விறைச்சுக்கும்."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"எனக்கே தோணுச்சு."

கடையில் யாரும் பார்க்காதபோது கண்ணாடியைத் தொட்டு இரண்டு விரலை அறுத்துக்கொண்டு வந்த அன்று, பெண் போனில் பிடித்துக்கொண்டாள். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் இவர் கேம் பெட்டியின் போர்வையை உருவினார். அப்போது போட்டதுதான் மேலே சொன்ன சபதம். "பாப்பா, கண்ணு போறதுக்குள்ள முதலாளியைப் பிடிச்சிடணும்னு ஒரு ஆசைம்மா" என்று குரலை வேறு தழுதழுக்க வைத்துக்கொண்டார். அவள் உருகிவிட்டாள். நானும்தான். புரை விழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு மனுஷன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மிதவையைப் பார்க்கிறாரே என்று பாவமாக இருந்தது. டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மாதம் கொடுத்தேன். பொடி மீன் மாட்டியது. முதலாளி வரவில்லை.

ஒரு ஞாயிறு காலை இவர் குளிக்கப் போயிருந்தார். இவர் குளியல் அரை மணி நேரம். பெண் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அம்மா, அந்தக் குளத்தைக் கொஞ்சம் காட்டேன். பார்த்து எத்தனை நாளாச்சு."

போனை டி.வி. பக்கம் திருப்பினேன். அவள் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு குரல் மாறியது.

"அம்மா, கீழ் மூலையில பாரு. புழு இருக்கா?"

நான் துடைப்பத்தை எடுத்தேன். "எங்கேடி? காலையிலதானே பெருக்கினேன்."

"வீட்டுல இல்லம்மா, டி.வி.யில. சின்னதா ஒரு புழு படம்."

கிட்டே போய்ப் பார்த்தேன். "புழுவெல்லாம் இல்லை. வெறும் கொக்கிதான் இருக்கு."

"அப்பா இரையே போடாம தூண்டில் போடுறாரும்மா. வெறும் கொக்கிக்குப் பொடி மீன் வரும். இரை இல்லாம முதலாளி எந்தக் காலத்துலயும் வராது. அது அவருக்கு நல்லாவே தெரியும்."

துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்தேன். ஒரு மாத டீ கண் முன்னால் ஓடியது. பிடிக்க முடியாத மீனைத் தேடிப் பிடித்துச் சபதம் போட்டிருக்கிறார். முப்பது வருஷம் கண்ணாடி அறுத்த மனுஷனுக்குக் கண்ணை அறுக்கிறார்கள் என்றால் பயம். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"குளிச்சுட்டு வரட்டும். நான் கேட்கிறேன்" என்றேன்.

"கேட்காதேம்மா. கேட்டா வேற சபதம் போடுவார். நீயே புழுவை மாட்டிடு. குடிசைக்காரர்கிட்ட கேட்டா சும்மாவே கொடுப்பார்."

"நானா? எனக்கு மிக்ஸி பட்டனே பயம்."

"கூரை மாதிரி முக்கோணம் போட்ட ஒரு பட்டன் இருக்கா?"

"இருக்கு."

"அதை அமுக்கிட்டுப் பையனை நடத்து."

நடத்தினேன். "ஐயோ, பையன் தண்ணியில இறங்கிட்டான்டி. சளி பிடிக்கப் போகுது."

"பிடிக்காதும்மா. திருப்பு. இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம். இப்ப அவர்கிட்ட பேசு."

"என்னன்னு பேசறது, முன்னே பின்னே தெரியாதவர்கிட்ட?"

ஒரு வழியாகப் புழு வந்து மூலையில் உட்கார்ந்தது. கடுகு அளவுதான். இவருக்கு டி.வி.யே அடுப்புப் புகைக்குள் வைத்த மாதிரி தெரியும்போது கடுகு எங்கே தெரியப்போகிறது.

"சரி, மீன் வந்தா அப்பாவுக்கு மிதவை தெரியாதே. நான் போன்ல இருந்தே இழுப்பான்னு சொல்லட்டுமா?" என்றாள்.

"உன் குரல் இங்க வந்து சேர ரெண்டு நொடி ஆகும். அதுக்குள்ள முதலாளி புழுவைத் தின்னுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டுப் போயிடும். நீ அப்பவே தப்பாத்தான் சொல்லுவே."

"என்ன தப்பா?"

"அது முதல்ல ரெண்டு தடவை மோந்து பார்க்கும். டொப், டொப்புன்னு சன்னமா ஒரு சத்தம் வரும். அப்புறம் ஒரு மூச்சு விடற நேரம் சும்மா இருக்கும். மூணாவதுதான் நிஜக் கடி. நீ முதல் டொப்புக்கே கத்துவே. ஓடிப்போயிடும்."



"இது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஆறு வருஷம் சமையல்கட்டுல நின்னு கேட்டிருக்கேனே."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"யாரு என்னைக் கேட்டீங்க?"

அவளுக்கு அப்படிச் சொன்னேனே தவிர, வேறு காரணமும் இருந்தது. அந்த மீன் மாட்டிவிட்டால் விளையாட்டு முடிந்துவிடும் என்று எனக்கு அப்போதே ஒரு கவலை. அப்பாவும் பெண்ணும் எழுந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் இருக்காது. வெங்காயத்தை நான் தனியாக நறுக்க வேண்டும். அதனால் ஓடிப்போகிற முதலாளிக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு சும்மா இருந்தேன். மீன் மாட்டாமலே அவள் போய்விட்டாள். வெங்காயத்தைத் தனியாகத்தான் நறுக்குகிறேன்.

மூன்று ஞாயிறு காத்திருந்தேன். இவர் குளிக்கும்போது புழுவை மாட்டுவேன். குடிசைக்காரரோடு எனக்கு நல்ல பழக்கமாகிவிட்டது. இவர் தலை துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, கண்ணை இடுக்கி, பெருமூச்சு விட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி "இன்னைக்காவது வருமா" என்பார். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி டீயைக் கொடுப்பேன்.

மூன்றாவது ஞாயிறு. கையில் பாதி வெங்காயம். அந்தப் பக்கம் டொப் என்றது. கத்தியைக் கீழே வைத்தேன். இன்னொரு டொப். இவர் அசையவில்லை, கொட்டாவி விட்டார். மூச்சைப் பிடித்தேன். என்ன சொல்லிக் கத்துவது என்று அப்போதுதான் யோசித்தேன். "என்னங்க" என்றால், "என்ன?" என்று திரும்பிக் கேட்கத்தான் இவர் பழகியிருக்கிறார். மூன்றாவது சத்தம் வந்துவிட்டது. வாயில் வந்ததைக் கத்தினேன்.

"இழுப்பா."

எனக்கும் அவளுக்கும் ஒரே குரல். போனை நான் எடுத்தால் அவள் சிநேகிதிகளே ஏமாந்துபோவார்கள். இவர் கை யோசிக்கவில்லை. இழுத்துவிட்டது.

இழுத்த பிறகுதான் இவர் திரும்பிப் பார்த்தார். சமையல்கட்டு வாசலில் நான் நிற்கிறேன். இவர் பார்வை என் முகத்துக்கு வரவில்லை. என் தோளுக்குக் கீழே, ஒன்பது வயதுப் பிள்ளையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. அங்கே யாரையோ தேடியது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. என் கண்ணைத் துடைத்ததற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"விடாதீங்க, அமுக்குங்க" என்றேன்.

அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார். முதலாளி மீசையோடு மேலே வந்து, டி.வி.யை அடைத்துக்கொண்டு துள்ளியது. குடிசைக்காரர் கை தட்டினார். இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"பார்த்தியா? ரெண்டு பேரும் எத்தனை வருஷம் தேடினோம் தெரியுமா இதை?"

"தெரியும். நாளைக்கு எட்டரைக்கு ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டிருக்கு."

முகம் மாறியது. "எதுக்கு?"

"சபதம் போட்டீங்களே."

"அது வந்து, இது எப்படி மாட்டும்? தூண்டில்ல இரையே..."

அங்கே நிறுத்திக்கொண்டார்.  வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "இரையே?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. எட்டரைன்னா எட்டு மணிக்கே கிளம்பணும்" என்றார்.

பெண்ணிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். அப்புறம், "நான் இல்லாமலே பிடிச்சுட்டீங்களா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "உன் குரல்லதான்டி பிடிச்சோம்" என்றேன். "சரி, அடுத்த லீவுல வர்றேன். அந்த இளவரசியையாவது காப்பாத்துவோம்" என்றாள்.

ஆபரேஷன் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே போகும்வரை இவர் என் கையை விடவே இல்லை. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் இரண்டு விரலைக் காட்டினார், இவர் சரியாகச் சொன்னார். இப்போது வாசலில் உட்காராமல் உள்ளே கண்ணாடி அறுக்கிறார். கோடு நேராகப் போகிறது. விரல் பத்தும் பத்தாக இருக்கிறது. நான் கும்பிடாத தெய்வமில்லை.

வீட்டுக்குள்தான் தொல்லை. பரண் மூலையில் ஒட்டடை என்கிறார். டம்ளர் விளிம்பில் கீறல் என்கிறார். கடாய் அடி ஏன் இவ்வளவு கறுப்பு என்கிறார். நேற்று சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கடையில் கண்ணாடி பார்க்கிற மாதிரி சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "இது கழுவின தட்டா?" என்று கேட்டார். போதாததற்கு என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார்.

இடது கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது, அடுத்த மாசமே அதையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். இவர் உடனே சரி என்றார். ஒன்றும் அவசரமில்லை, வெயில் காலம் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.